ரொசாரியோவுக்குப் பலகை வேண்டாம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. லெத்திசியா இபார்குரென் எனக்குச் சொன்னது. சொல்லி முடித்ததும் ஒரு நிபந்தனை போட்டாள்: எழுதலாம், ஆனால் உன் பாஷையில் மட்டும் எழுது. புவெனோஸ் ஐரிஸில் தமிழ் படிக்கத் தெரிந்த வக்கீல் எவனும் கிடையாது என்பது அவள் நம்பிக்கை. இப்போதெல்லாம் கைபேசியைத் தாளுக்கு மேலே பிடித்தால் எந்த எழுத்தும் எந்த மொழிக்கும் மாறிவிடுகிறதே என்றேன். மத்தே என்கிற கசப்பு மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"அப்ப பேரையெல்லாம் மாத்திடு. கம்பெனியையும் மாத்திடு. என்னையும் கொஞ்சம் மாத்திடு. ஆனா நல்லவளா மாத்திடாத."

மாற்றிவிட்டேன். லெத்திசியா என்பது அவள் பெயர் அல்ல. அந்தக் கம்பெனிக்கு நான் வைத்திருக்கும் பெயரில் எந்தக் கம்பெனியும் எனக்குத் தெரிந்து இல்லை. அதன் சின்னம் பறவையும் அல்ல. ரொசாரியோ மட்டும் ரொசாரியோதான். அந்த ஊரை மாற்றிப் பார்த்தேன், கதை நகரவே இல்லை.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் மேசைக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து எழுத்துரு வரைகிறவன். தூத்துக்குடிக்காரன். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிற என்னை, கம்பெனிகளுக்குச் சின்னம் வரைந்து தரும் இந்த ஸ்டுடியோவில் எல்லோரும் 'இந்து' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவர்கள் பேச்சில் இந்தியாவிலிருந்து வந்தவன் எவனும் இந்துதான். திருத்திப் பார்த்து ஓய்ந்து, இப்போது அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறேன்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

முதல் தொடக்கம்: "ஒரு பறவையின் கால்களை எடுத்துவிடச் சொல்லி ஆறு பேரிடம் வேலை வந்தபோது, அவர்களில் ஒருத்திக்கு மட்டும்—" வேண்டாம். நீதிக்கதை மாதிரி இருக்கிறது. அடுத்த வரியில் நரி வந்துவிடும்.

இரண்டாம் தொடக்கம்: "லோகோ என்பது ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லும் மிகச் சிறிய பொய்." இந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. லெத்திசியாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். இத்தனை வருஷமாக நான் பொய்யா வரைந்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

மூன்றாவது கீழே வருகிறது. அதில் அழகு ஒன்றும் இல்லை. நடந்த வரிசையில் சொல்கிறது, அவ்வளவுதான்.

3

தேரோ ஒரு பெரிய கம்பெனி. (தமிழில் எழுதினால் சந்தேகம் கேட்கிற மாதிரி இருக்கிறது: தேரோ, வேறெதுவோ.) பொருள் வாங்க, விற்க, பணம் அனுப்ப, சாப்பாடு வரவழைக்க, எல்லாவற்றுக்கும் இந்தக் கண்டத்துக்காரர்கள் அந்த மஞ்சள் கட்டத்தைத்தான் கைபேசியில் தொடுகிறார்கள். கட்டத்துக்குள் ஒரு பறவை நிற்கும். நீண்ட கால்கள், தலையில் கொண்டை, சிவப்புக் கண். கம்பெனி ஒரு வாடகை அறையில் இருந்த காலத்தில் நிறுவனர்களில் ஒருவர் கையாலேயே வரைந்தது. கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் சனங்களுக்குப் பிடித்துப்போன கோணல்.*

* தேரோ என்பது இங்கே புல்வெளியில் கத்தித் திரியும் ஒரு பறவை. ஓரிடத்தில் கத்தும், வேறிடத்தில் முட்டையிடும் என்று இவர்கள் பழமொழி சொல்வார்கள். நம் ஊரில் இதற்கு ஒரு நெருங்கிய சொந்தம் இருக்கிறது: ஆள்காட்டி. ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பதால் அந்தப் பெயர். கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒன்று கையில் கிடைத்தால் பயப்பட வேண்டும். நானும் பயந்தேன். இதை இந்தக் குறிப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தச் சின்னத்தை மாற்றித்தரும் வேலை எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தது. சின்னம் மட்டும் இல்லை: எழுத்து, நிறம், விநியோகப் பையன்களின் மேல்சட்டை, கட்டடங்களின் முகப்பு, எல்லாமே. புவெனோஸ் ஐரிஸின் வியா கிரெஸ்போவில், ஒரு பழைய மெத்தைக் கடைக்கு மாடியில் இருக்கும் ஆறு பேருக்கு இது யானையை வீட்டுக்குள் கட்டியது போல. பெருமையாகவும் இருந்தது, எப்போது எதை மிதிக்குமோ என்றும் இருந்தது. முதலாளி ஹெர்னான் பிரிஸ்ஸோலா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று எல்லோருக்கும் கறி வைத்த எம்பனாதா வாங்கிவந்தான். ரகசியம் காப்பது பற்றிய பக்கங்களை எங்கள் முன்னால் உரக்கப் படித்தான். வெளியே ஒரு வார்த்தை போனால் கட்ட வேண்டிய தொகையைப் படிக்கும்போது மட்டும் அவன் குரல் இறங்கிற்று.

கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்று: லேசாக்குங்கள். லேசான நிறம், லேசான எழுத்து, லேசான பறவை. நிற்கிற பறவை வேண்டாம், பறக்கட்டும்.

லெத்திசியா கால்களுக்காகச் சண்டை போட்டாள். அவள் வேலை செய்யும் விதம் எனக்குத் தெரியும். வரைந்ததைக் கறுப்பில் அச்செடுத்து, நகத்தளவுக்குச் சுருக்கி, எதிர்ச்சுவரில் ஒட்டி, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். நகத்தளவில் கொண்டை முள்ளாகிவிடுகிறது, கால்கள் இரண்டும் மயிராகி அறுந்துவிடுகின்றன. அது அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் தரையில் நின்று கூட்டைக் காக்கிற பறவைக்குக் காலை எடுத்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டாள். கால்களைக் கனமாக்கி, குட்டையாக்கி, மடக்கி, எப்படியெல்லாமோ வரைந்து கொண்டுபோனாள். ஒவ்வொரு முறையும் அதே பதில் வந்தது: அருமை, ஆனால் இன்னும் லேசாக. கடைசியில் கால்கள் போயின. சிறகை மேலே தூக்கி, கொண்டையை ஒரே வளைவில் கழுத்தோடு சேர்த்தாள். நல்ல கோடு அது. எதிர் மேசைக்காரன் சொல்கிறேன், பொறாமைப்பட வைத்த கோடு.

4

முகப்புப் பலகைகள் பற்றிப் பேசிய கூட்டத்துக்கு நான் போகவில்லை. லெத்திசியாவும் ஹெர்னானும் போனார்கள். ஆற்றோரத்தில் தேரோவின் கண்ணாடிக் கட்டடம். அங்கே சின்னம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் பொறுப்பு மிலாக்ரோஸ் எச்செபாரே. ஐம்பதை நெருங்குகிறவள், நிதானமாகப் பேசுகிறவள். பல மாதம் ஒன்றாக வேலை செய்ததில் லெத்திசியாவும் அவளும் பிள்ளைகள், பல்வலி, மாமியார் என்று எல்லாம் பேசிக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தார்கள். தன் தங்கை நோயெலியா தேரோவின் ரொசாரியோ அலுவலகத்தில் வேலை செய்கிறாள் என்பதையும் லெத்திசியா ஒரு நாள் சொல்லியிருந்தாள். வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்கும் அலுவலகம் அது. நோயெலியாவின் கீழ் பதினான்கு பேர்.

கூட்டத்தில் ஒவ்வொரு ஊராகப் போனார்கள். ரொசாரியோ வந்ததும் லெத்திசியா முகப்பின் அளவு கேட்டாள். அது பழைய தானிய வியாபாரியின் கட்டடம், மேலே சுதை வேலைப்பாடு இருக்கிறது, பலகையை ஒடுக்க வேண்டியிருக்கும் என்றாள்.

மிலாக்ரோஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ரொசாரியோவுக்குப் பலகை வேண்டாம்."

"அப்புறமா வைக்கிறதா?"

"இல்ல லெத்தி. அங்க வேண்டாம்."

அடுத்து கோர்தோபா. யாரோ காப்பிக் கோப்பையை நகர்த்தினார்கள். லெத்திசியா எதையோ குறித்துக்கொள்வதுபோல் தாளில் ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோட்டின் மேலேயே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்ததை, ஹெர்னான் அவள் முழங்கையைத் தொட்டபோதுதான் கவனித்தாள். இத்தனை மாதம் லேசு லேசு என்று அவர்கள் சொன்னது பறவையைப் பற்றி மட்டும் அல்ல, ஆட்களைப் பற்றியும்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று.

5

[மிலாக்ரோஸ் வாய் தவறிச் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா? முதல் பிரதியில் அவளை ஒரு கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். உயரமான குதிகால் செருப்புகூடப் போட்டுவிட்டிருந்தேன். லெத்திசியா அதைக் கழற்றச் சொன்னாள். "அவ கெட்டவ இல்லடா இந்து. பயந்தவ. ரெண்டும் வேற." இரண்டாம் பிரதியில் அவளை ரகசியமாக உதவி செய்கிறவள் ஆக்கினேன். அதற்கும் லெத்திசியா தலையாட்டவில்லை. ஆகவே அவள் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.]

திரும்பி வருகிற வழியில் லெத்திசியா விஷயத்தை ஹெர்னானிடம் எடுத்தாள். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் அவன் பேசினான். கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. ஒல்லி என்றுதான் அவளைக் கூப்பிடுவான்.

"நாம பெயின்ட் அடிக்க வந்தவங்க, ஒல்லி. வீட்டுக்காரன் யாரை வெளிய அனுப்பறான்னு பாக்கறது நம்ம வேலை இல்ல. நீ எதுவும் கேக்கல, நானும் கேக்கல. இது வெளிய போச்சுன்னா ஆறு பேரும் தெருவுலதான்."

அவன் சொன்னது பொய் இல்லை. அந்த ஆறு பேரில் நானும் ஒருவன். கதை சொல்கிறவனை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் எடை போடும்போது இதையும் தட்டில் வையுங்கள்.

அந்த வாரம் அவளால் ஒழுங்காக ஒரு வட்டம் போட முடியவில்லை. சேமித்த ஃபைலையே மறுபடி மறுபடி சேமித்தாள். கைபேசி அதிர்ந்தால் பார்க்காமலே கவிழ்த்து வைத்தாள். என்ன என்று கேட்டேன். வயிறு சரியில்லை என்றாள். அதுவும் உண்மைதான், ஒன்றும் சாப்பிடவில்லை.

அப்போதுதான் நோயெலியா தொலைபேசியில் அழைத்து ஒரு சேதி சொன்னாள். ரொசாரியோவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அவளைச் சேர்க்கைப் பிரிவுக்குக் கூப்பிடுகிறது. சம்பளம் குறைவு. செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன், நீ என்ன நினைக்கிறாய்?

ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்றாள் லெத்திசியா.

6

ஞாயிறு மதியம் இந்த நாட்டில் பாதிப்பேர் பாஸ்தா கடை வாசலில் வரிசையில் நிற்பார்கள். நோயெலியாவின் தெருமுனையிலும் ஒரு கடை. எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு அக்காவும் தங்கையும் நின்றார்கள். முன்னால் ஒரு கிழவர், பின்னால் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. வீட்டில் நோயெலியாவின் மகள் இருக்கிறாள், பேச முடியாது. இங்கே ஊரே இருக்கிறது. பேருந்தில் நான்கு மணி நேரம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் ஒன்றுகூட லெத்திசியாவின் வாயில் வரவில்லை.

நோயெலியா தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில என்னடி இருக்கு? நாளெல்லாம் சீக்காளிங்க முகம். தேரோவுல எனக்குன்னு ஒரு டீம் இருக்கு. அதுவும் இப்ப புது லோகோ, புதுச் சட்டைன்னு என்னென்னமோ வருது, நீயே வரையற. இவ்வளவு செலவு பண்ணி வெள்ளையடிக்கிறவன் வீட்டை விக்கவா போறான்?"

"விக்கிறதுக்கு முன்னாடிதான் நோயெலியா, வெள்ளையடிப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். இந்த வரியை நான் செதுக்கினேன் என்று நினைக்காதீர்கள். அவள் வாயிலிருந்து வந்ததே இப்படித்தான்.

நோயெலியா அக்காவின் முகத்தையே பார்த்தாள். கடைக்காரி அவர்கள் எண்ணைக் கூப்பிட்டாள். நோயெலியா முன்னால் போய், ரிக்கோட்டா ரவியோலி இரண்டு பெட்டி, கொஞ்சம் துருவிய சீஸ் என்று தடுமாறாத குரலில் சொல்லி, சில்லறையைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நடைபாதையில் வந்துதான் கேட்டாள்.

"எப்ப?"

"புது லோகோ வர்ற அன்னிக்கு."

"யார் யாரு?"

"கட்டடமே."

வீட்டுக்குப் போனார்கள். ரவியோலி வெந்தது. மகள் பள்ளிக்கூட நாடகத்தைப் பற்றிச் சொன்னாள், இருவரும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். பாத்திரம் கழுவும்போது, தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில், லெத்திசியா மெல்லச் சொன்னாள்: ஆஸ்பத்திரிக்குச் சரி என்று சொல்லிவிடு. வேறு யாரிடமும் மூச்சு விடாதே. விட்டால் எங்கள் ஸ்டுடியோவை மூட வேண்டியதுதான்.

"என் பக்கத்து சீட்டு ரோமினா மாசமா இருக்கா. அவகிட்டயுமா?"

"யார்கிட்டயும்."

"அப்ப எங்கிட்ட ஏன் சொன்ன?"

"நீ என் தங்கச்சி."

நோயெலியா கடைசித் தட்டைத் துடைத்து வைத்தாள். "ரோமினாவும் யாருக்கோ தங்கச்சிதான்" என்றாள்.

7

செவ்வாய்க்கிழமை நோயெலியா ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி போட்டு வரவில்லை என்று சொன்னாள். புதன்கிழமை தன் பதினான்கு பேரையும் எதிர்க் காப்பிக்கடைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள், யார் சொன்னார்கள் என்பதைத் தவிர.

[இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டு வெகு நாள் சும்மா இருந்தேன். தங்கையைக் காப்பாற்றத்தான் லெத்திசியா வாயைத் திறந்தாள். திறந்தும் தங்கை போகவில்லை, தெரிந்துகொண்டே நின்றுவிட்டாள். சொல்லாமலே இருந்தால் அவள் தேரோவிலேயே இருந்து வேலை இழந்திருப்பாள். சொல்லியும் அதுவே நடந்தது. ஒரு கதாபாத்திரத்தை இப்படி எழுதினால் பதிப்பாசிரியர் நம்பமாட்டார், கொஞ்சம் சுயநலம் சேருங்கள் என்பார். சேர்த்துப் பார்த்தேன். அது நோயெலியாவாக இல்லை.]

அக்கா தொலைபேசியில் கத்தியபோது நோயெலியா சொன்னது இது: "கப்பல்ல ஓட்டைன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. நான் மட்டும் படகு பிடிச்சுப் போய்ட்டு, அப்புறம் இந்த ஊர்லயே அவங்க முகத்துல முழிச்சுக்கிட்டு இருக்கணுமா?"

அந்த வார இறுதிக்குள் சேதி தொழிற்சங்கத்துக்கும், அங்கிருந்து ரொசாரியோ வானொலிக்கும் போய்விட்டது. பழைய பறவை போட்ட மஞ்சள் மேல்சட்டையோடு நடைபாதையில் கூட்டம் நின்றது. தொழிலாளர் அமைச்சகம் இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்தது. புதுச் சின்னத்தின் வெளியீடு தள்ளிப்போயிற்று. கட்டடம் மூடப்படுவது நிற்கவில்லை. ஆனால் முதலில் கொடுக்க நினைத்ததைவிட அதிகமான இழப்பீடு வந்தது, மருத்துவக் காப்பீடு ஆண்டுக் கடைசிவரை நீண்டது. ரோமினாவுக்கு அந்தக் காப்பீட்டில்தான் பிரசவம் ஆயிற்று. ஆண்குழந்தை.

நோயெலியா இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். கூட்டத்தைக் கூட்டியவள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறார்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள், அதோடு சரி.

8

சேதி எப்படி வெளியே போயிற்று என்று விசாரிக்க வக்கீல்கள் வந்தார்கள். இதற்கும் நான் போகவில்லை. நீள மேசை, ஒரு பக்கம் வக்கீல்கள் இரண்டு பேரும் மிலாக்ரோஸும், மறுபக்கம் ஹெர்னானும் லெத்திசியாவும்.  கேட்டால் சொல்லிவிடுவது என்று லெத்திசியா முடிவு செய்துதான் போயிருந்தாளாம். காலையில் முகம் கழுவும்போது அந்த வாக்கியத்தைக் கண்ணாடியில் சொல்லியும் பார்த்திருக்கிறாள்.

ரொசாரியோ மூடப்படுவது பற்றி ஸ்டுடியோவுக்கு ஏதாவது தெரியுமா என்று வக்கீல் ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் மிலாக்ரோஸ் சொன்னாள்:

"ரொசாரியோ பத்தி இவங்ககிட்ட நான் எதுவும் பேசினதே இல்ல."

வக்கீல் லெத்திசியாவைப் பார்த்தார்.  இப்போது சொன்னால் மாட்டுவது அவள் மட்டும் இல்லை, மிலாக்ரோஸும்தான். 

"எங்களுக்கு சின்னம் மட்டும்தான் தெரியும்" என்றாள் லெத்திசியா.

மிலாக்ரோஸ் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாளா, இவளைக் காப்பாற்றினாளா? லெத்திசியாவுக்கு இன்றைக்கும் தெரியாது. கூட்டம் முடிந்து மின்தூக்கி வரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். சோதனைக்கு வைத்த பலகைகளின் மஞ்சள் வெயிலில் வெளிறுகிறதாம், பார்க்க வேண்டும் என்று மிலாக்ரோஸ் சொன்னாள். பார்க்கிறேன் என்றாள் இவள்.

புதுச் சின்னம் வெளிவந்தது. ஒரு வாரம் ஊரே கேலி செய்தது. காலில்லாத பறவை எங்கே உட்காரும் என்று. அப்புறம் பழகிவிட்டது. இப்போது பேருந்து நிறுத்தம், பீட்சா பெட்டி, கால்பந்துச் சட்டை, எங்கே திரும்பினாலும் அதுதான். நல்ல வேலை. அவளுடைய வேலைகளிலேயே சிறந்தது. தெருவில் அதைப் பார்க்கும்போது முதலில் சந்தோஷம் வருகிறது என்றும், அப்படி வருவதுதான் தன்னைத் தொந்தரவு செய்கிறது என்றும் சொன்னாள்.

9

முடிவுகள்.

அ. நோயெலியாவுக்கு வேறொரு நல்ல வேலை கிடைக்கிறது, அக்காவும் தங்கையும் சேர்ந்து சமைக்கிறார்கள். எழுதினேன். கிடைக்கவில்லையே, எப்படி எழுதுவது? கிழித்துவிட்டேன்.

ஆ. லெத்திசியா ஸ்டுடியோவை விட்டுப் போகிறாள். ஒரு பிரதியில் போக வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் எதிர் மேசையில் உட்கார்ந்து, ஒரு பால் கம்பெனிக்கு மாடு வரைந்துகொண்டிருந்தாள்.

இ. மிலாக்ரோஸ் ஒருநாள் வந்து எல்லாவற்றையும் விளக்கி— இல்லை. அவள் வரமாட்டாள்.

உண்மையில் கடைசியாக நடந்தது இதுதான். போன ஞாயிறு நோயெலியா அழைத்தாள். மகளின் நாடகம், விலைவாசி, ரோமினாவின் குழந்தைக்கு முளைத்திருக்கும் பல் என்று வெகு நேரம் பேசினாள். வைக்கப்போகும் நேரத்தில், கோபம் எதுவும் இல்லாமல், ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்த சந்தேகம்போல, ஒன்று கேட்டாள்.

"லெத்தி, நான் அங்க வேலையில இல்லாம இருந்திருந்தா, நீ இதை யார்கிட்டயாவது சொல்லியிருப்பியா?"

லெத்திசியா பதில் சொல்லவில்லை. நோயெலியா கொஞ்சம் காத்திருந்துவிட்டு, சரி, மகள் கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாள்.

அந்த இடத்தில் நான் மூன்று பதில் எழுதினேன். 'சொல்லியிருப்பேன்' என்று எழுதினேன். நல்லவளாக மாற்றிவிடாதே என்று அவள் சொன்னது ஞாபகம் வந்து அடித்தேன். 'சொல்லியிருக்க மாட்டேன்' என்று எழுதினேன். அதை அடிக்கக் காரணம் கிடைக்கவில்லை, கைதான் அடித்தது. மூன்றாவது ஒரு நீண்ட வாக்கியம், 'தெரியவில்லை' என்பதையே சுற்றிச் சுற்றி—

நேற்று மொத்தத்தையும் அவளுக்கு வாயால் மொழிபெயர்த்துச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அந்தக் கேள்வி வந்ததும் நிறுத்தினேன்.

"அந்த எடத்துல என்ன போட்டிருக்க?"

"ஒண்ணும் போடல."

"போடாத" என்றாள். பிறகு, "உன் ஊர்க்காரங்க படிப்பாங்கல்ல? அவங்களா இருந்தா சொல்லியிருப்பாங்களான்னு கேளு. அவங்களுக்கு ரொசாரியோவுல யாரும் இருக்கமாட்டாங்க" என்றாள்.

கேட்கிறேன்.